இடையில் நிற்பவள்

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தோளில் மீட்டர் பை, கக்கத்தில் மடக்கிய மர ஸ்டாண்ட், தொண்டைவரை மூச்சு. இப்படி மேல்மாடிக்கு ஏறி வந்து அழைப்பு மணியைத் தேடினாள். மணி இருந்த இடத்தில் ஸ்குரூ ஓட்டைகள்தான் மிச்சம். கதவைத் தட்டினாள்.

"ஃபோன ஆஃப் பண்ணு," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"அத்தான், நான்தான்."

"தெரியுது. ஆஃப் பண்ணு. அப்புறம் திறக்கறேன்."

அணைத்தாள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்னொரு தாழ்ப்பாள்.

அலுவலகத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். மொட்டை மாடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஸ்டாண்டை நிறுத்தி, செல்ஃபோன் டவரிலிருந்து வரும் ரேடியோ அலை எவ்வளவு விழுகிறது என்று அளந்து, 'வரம்புக்குள் இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுவது பிழைப்பு. இன்று யாரும் அனுப்பி வரவில்லை. செத்துப்போன அக்காவின் மகளை இந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வந்திருந்தாள்.

உள்ளே ஈரச் சுவர் வாடை. அதோடு வாயில் சில்லறைக் காசை அடக்கிக்கொண்டதுபோல் ஓர் உலோக ருசி. டிவி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளுப்பு. மூலையில் ஒயர் கட்டிய பழைய டெலிஃபோன் மட்டும் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

அத்தான் பாதியாகியிருந்தார். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் இவர் சிரித்தால் பக்கத்து அறைக் குழந்தை விழிக்கும். இப்போது சட்டை மட்டும் அந்தக் காலத்து அளவில் இருந்தது.

"டீ போடட்டுமா?"

"வேணாம் அத்தான். குட்டி எங்க?"

"ரூம்ல. அவ ரூம விட்டு வர்றதில்ல."

"வர்றதில்லையா, நீங்க விடறதில்லையா?"

"வந்த உடனே ஆரம்பிச்சிட்டியா? உங்க அக்காவும் இப்படித்தான். செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி சண்டைய எடுத்து வெளிய வைப்பா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அக்கா ஒரு டாக்ஸி கம்பெனியின் கன்ட்ரோல் அறையில் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவள். ஊரிலுள்ள அத்தனை டிரைவர்களுக்கும் அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். 'கன்ட்ரோல் அக்கா, சாப்பிட்டாச்சா?' என்று கேட்காமல் எவனும் வண்டியை எடுக்கமாட்டான். அந்தத் தலைக்குள்தான் ஒரு கட்டி வளர்ந்தது. ஏன் வந்தது என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார். சிலருக்கு வருகிறது, காரணம் தெரியாது என்றார். அத்தானால் அதைத் தாங்க முடியவில்லை. காரணமே இல்லாமல் ஒருத்தி சாவாளா? ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்தார். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தலையில் சாம்பல் நிறத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

முதலில் ஃபோன் போனது. பிறகு டிவி. பிறகு, பக்கத்திலேயே டவர் இருக்கிறதென்று, குட்டியின் பள்ளிக்கூடம் போனது.

"அத்தான், வெளிய வச்சு அளந்துட்டேன். உங்க வாசல்ல விழறது வரம்புல ஒரு துளிகூட இல்ல."

"வரம்பு போட்டது யாரு? உங்க ஆளுங்கதானே. திருடன் கையில பூட்டக் குடுத்து நல்லாருக்கான்னு கேக்கற கதை."

"உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. இந்த அளவுல கெடுதல்னு உறுதியா யாரும் காட்டல."

"கெடுதலே இல்லன்னு காட்டினாங்களா?"

அவரிடம் எப்போதும் மாட்டிக்கொள்ளும் இடம் அது. இல்லவே இல்லை என்று எந்த விஞ்ஞானமும் எழுதித் தராது. ஆனால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு அதற்குக் குறைந்த எதுவும் போதாது.

"உன்கிட்டதானே கேட்டா அவ," என்றார் அத்தான் மெதுவாக. "'நாள் முழுக்க இத காதுல மாட்டிட்டு இருக்கேனே, ஒண்ணும் வராதில்ல'ன்னு. நீ என்ன சொன்ன?"

"வராதுன்னு சொன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

"சொல்லுவ. நீ உயிரோட இருக்க."

அதற்குமேல் வாதாடிப் பயனில்லை. அவள் வேறு திட்டத்தோடு வந்திருந்தாள்.

"சரி. ஒரு பந்தயம். குட்டி ரூமுக்கு வலை அடிச்சிருக்கீங்கல்ல? அந்த வலையையும் தாண்டி அலை உள்ள வருதுன்னு நான் காட்டிட்டா?"

"வராது. காப்பர். நானே என் கையால அடிச்சேன்."

"வந்தா, இத்தனை மாசமா அவ அலையிலதான் உக்காந்திருக்கான்னு அர்த்தம். ஒண்ணும் ஆகலன்னும் அர்த்தம். அப்ப அவள என்கூட அனுப்பணும். ஸ்கூல்ல சேக்கணும்."

அவர் போய்க் குட்டியின் அறைக்கதவில் அடித்திருந்த வலையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"வந்தாதானே," என்றார்.

குட்டியின் அறைக்கதவைத் திறந்ததும் அந்த உலோக ருசி நாக்கில் ஏறியது. சுவரெல்லாம் அலுமினியத் தாள். ஜன்னல்கள்மேல் செம்பு வலை, அதன்மேல் கனத்த திரை. கூரையிலிருந்து ஒற்றை பல்பு. பேசினால் குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் திரும்பி வந்தது. கட்டில்மேல் எட்டு வயதுப் பெண். வெயிலே படாத முளைபோல் வெளுத்திருந்தாள். அவள் மூச்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தி! முடிய ஏன் வெட்டிட்ட? திருட்டுப் பையன் மாதிரி இருக்க."

"திருடத்தான் வந்திருக்கேன். உன்னத்தான்."

குட்டி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தலையணைக்குப் பக்கத்திலிருந்த இழுப்பு மருந்தை எடுத்து வாயில் வைத்து ஒரு தடவை உறிஞ்சினாள். பழகிய கை.

அளவுக்காரி வேலையை ஆரம்பித்தாள். கட்டிலருகே மர ஸ்டாண்டை நிறுத்தி, அதன் தலையில் ஆன்டெனாவை மாட்டினாள். நீளமான கேபிளை இழுத்துக்கொண்டு மீட்டரோடு அறையின் மறுகோடிக்குப் போனாள். அளக்கிறவர் ஆன்டெனாவை ஒட்டி நிற்கக் கூடாது. மனித உடம்பு ஒரு தண்ணீர் மூட்டை. அலை வரும் வழியில் நின்றால் அது பாதியைக் குடித்துவிடும், மீட்டரில் எண் சரிந்துவிடும். ஹாலில் ஒரு ஸ்டூலின்மேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சோதனைக் கருவி. ஒரே சீராக அலை அனுப்புவது மட்டும் அதன் வேலை. அதை முடுக்கிவிட்டு வந்து, வலை அடித்த கதவைச் சாத்தினாள்.

"அத்தான், என் பின்னாடி வந்து நின்னு பாருங்க."

மீட்டரில் எண் ஏறியது. ஏறி, கல்போல் நின்றது.

"இது என்ன?"

"உங்க வலைக்குள்ள வந்த அலை. கதவு அடியில இடுக்கு இருக்கு. சுவிட்ச் போர்டுக்குப் பின்னாடி ஓட்டை இருக்கு. ஊசி நுழையற வழி போதும் அத்தான் இதுக்கு."

அத்தானின் மூச்சு அவள் பிடரியில் பட்டது. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லும் முன்...

எண் சரிந்தது.

பாதிக்கும் கீழே போய் அங்கேயே நின்றது.

"யாரும் குறுக்க நிக்காதீங்க," என்றாள் பழக்க தோஷத்தில், மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"யாரு நிக்கறா?"

நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் அவள் முதுகுக்குப் பின்னால். குட்டி கட்டில்மேல், சுவரில் சாய்ந்தபடி. கதவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே வெறும் தரை.

கருவியில் கோளாறு. அப்படித்தான் இருக்கவேண்டும். போய்ச் சோதனைப் பெட்டியை எடுத்துவந்து, எதிர்ப்பக்க ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தாள். திரும்பி வந்து பார்த்தாள். எண் முழுசாக நின்றது. அப்பாடா என்று வாயைத் திறந்தாள்.

கதவுப் பக்கமிருந்து ஓர் ஆள் ஜன்னல் பக்கம் நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம்தான்.

எண் சரிந்தது.

அவள் கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. அளந்தே பழகிய கை. ஆன்டெனாவை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். எண் நிமிர்ந்தது. வலப்பக்கம் நகர்த்தினாள். நிமிர்ந்தது. நடுவில் மட்டும் பள்ளம். ஒரு தோளகலப் பள்ளம்.

ஸ்டாண்டைத் தாழ்த்தினாள். பள்ளம். மெதுவாக உயர்த்தினாள். பள்ளம், பள்ளம், பள்ளம். தன் காதுமடல் உயரம் வந்ததும் எண் சட்டென்று எழுந்து நின்றது. அதற்குமேல் காற்று.

அக்கா அவள் காதளவுதான் இருப்பாள்.

பல்பு ஆடவில்லை. திரை அசையவில்லை. ஓர் ஓசை இல்லை. எதிரே, அவள் பார்த்துக்கொண்டிருந்த வெறுமைக்கு மட்டும் ஓர் உயரமும் அகலமும் வந்துவிட்டன.

"சித்தி," என்றாள் குட்டி, ஆன்டெனாவைப் பார்த்தபடி, கிசுகிசுப்பாக. "அந்தப் பெட்டிய அணைச்சிடு. அம்மாவுக்குப் பிடிக்கல."

"அம்மா... எங்கடா?"

"எப்பவும் டவர் பக்கமா நிப்பா. நீ பெட்டி கொண்டுவந்ததும் அங்க போனா. இப்ப இங்க. நீ அவள அலைய வைக்கற."

அத்தானின் காது கொஞ்சம் மந்தம். "என்ன சொல்றா?" என்றார்.

அளவுக்காரிக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. அக்கா யாரையும் பயமுறுத்த நிற்கவில்லை. காவலுக்கு நிற்கிறாள். எந்தப் பக்கமிருந்து அலை வருகிறதோ, அந்தப் பக்கம் போய்த் தன் உடம்பைக் குறுக்கே வைக்கிறாள். உடம்பு போன பிறகும். செத்த அக்காகூடத் தங்கையை நம்பவில்லை. புருஷனைத்தான் நம்பியிருக்கிறாள்.

இதை அத்தானிடம் சொன்னால்? அடுத்த வலையையும் இன்றே அடித்துவிடுவார். இந்தப் பெண் இந்த டப்பாவுக்குள்ளேயே மூச்சிழுத்து முடியவேண்டியதுதான்.

"பேட்டரி போயிடுச்சு," என்றாள். மீட்டரை அணைத்தாள். "அதான் எண் குறையுது. முதல்ல காட்டினதுதான் கணக்கு அத்தான். அலை உள்ள வந்துட்டுதான் இருந்திருக்கு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வலை அடித்த ஆணிகள் அவர் விரல்களில் விட்டுப்போன தழும்புகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப இதெல்லாம் வெறும் செம்பா?"

"வெறும் செம்பு."

"இவ்வளவு நாளும் இவள நான் சும்மா பூட்டி வச்சிருக்கேன்."

ஆமாம் என்று சொல்லும் கொடுமை அவளிடம் இருந்தது. சொல்லாமல் விட்டாள்.

"கூட்டிட்டுப் போ," என்றார் அவர். "நான் மனசு மாறறதுக்குள்ள போ."

படியிறங்கும்போது குட்டியின் கை அவள் கைக்குள் சில்லென்று இருந்தது. வெளியே மாலை வெயில். ஆள் நடமாட்டம். அதைப் பார்த்ததும் அவளுக்கே நெஞ்சு லேசானது. அடைந்த அறை, அலுமினியத் தாள், ஒரு பிள்ளையின் கற்பனை. மீட்டருக்கும் வயசாகிவிட்டது. வாடகைக் கார் கூப்பிடலாம் என்று ஃபோனை உயிர்ப்பித்தாள்.

சிக்னல் இல்லை.

தலையைத் தூக்கினாள். எதிரே, கல்லெறி தூரத்தில், டவர் நின்றது.

"சித்தி," என்றாள் குட்டி. "மூச்சு..."

விசில் பெரிதாகியிருந்தது. மருந்தை வாயில் வைத்தாள். இன்னொரு தடவை. கழுத்துக்குழி உள்வாங்கியது. அளவுக்காரி ஆம்புலன்ஸ் எண்ணைத் தட்டினாள். போகவில்லை. மறுபடி தட்டினாள். போகவில்லை. பிள்ளையை நடைபாதைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சில அடி தள்ளி ஓடினாள்.

சிக்னல் முழுசாக வந்தது.

திரும்பி வந்தாள். போயிற்று.

பேசவேண்டுமென்றால் மூச்சுத்திணறும் பிள்ளையை விட்டுத் தள்ளிப் போகவேண்டும். வேறு வழி இல்லை. தெருவின் நடுவில் நின்று, அங்கே உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே, முகவரியைச் சொன்னாள். மேலே ஜன்னலில் அத்தான் கத்துவது கேட்டது.

ஆஸ்பத்திரி வாசல்வரைதான் அத்தான் வந்தார். உள்ளே சுவருக்குச் சுவர் வைஃபை பெட்டிகள் மின்னுவதைக் கண்டதும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். கால் வரவில்லை என்றார். நிஜமாகவே வரவில்லை.

டாக்டர் குட்டியின் முதுகில் குழல் வைத்துக் கேட்டார். "பூஞ்சை பிடிச்ச ரூம்ல இருந்தாளா? காத்தே போகாத இடமா?" என்றார். அளவுக்காரி தலையாட்டினாள். அலைக்குப் பயந்து அடைத்த ஜன்னல்தான் பிள்ளையின் நெஞ்சை அடைத்திருக்கிறது. இதை அத்தானிடம் யார் சொல்வது?

முகத்தில் மூச்சுக்கவசத்தை மாட்டி மருந்துப் புகை கொடுத்ததும் மூச்சு அடங்கியது. குட்டியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ஒயர் இல்லாத கிளிப். மூச்சும் நாடியும் காற்று வழியே வெளி மேஜைக்குப் போகும். அங்கே திரையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கோடு ஓடும்.

மாட்டிவிட்டுப் போன சுருக்கில் நர்ஸ் ஓடிவந்தாள். "கோடு நின்னுபோச்சு!"

குட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

நர்ஸ் கிளிப்பை மாற்றினாள். போனாள். மறுபடி ஓடிவந்தாள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். போனாள். மறுபடி வந்தாள், இந்தத் தடவை நடந்து.

"உங்க பொண்ணு இரும்பு மனுஷியாம்மா? இந்தக் கட்டில் ஒண்ணுலதான் எதுவும் வரமாட்டேங்குது."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அளவுக்காரி கட்டில் காலருகே நின்று காற்றோடு பேசினாள். "அக்கா. தள்ளிக்கோ. கொஞ்சம் தள்ளிக்கோடி. இது அவளப் பாத்துக்கற மெஷின்."

குட்டி அவளைப் பாவமாகப் பார்த்தாள். "கேக்கமாட்டா சித்தி. இங்க எல்லாப் பக்கமும் வருதாம். அதனால சுத்திச் சுத்தி நிக்கறா."

வீட்டுக்குள் நிழலாக இருந்தவள், வெளியே வந்ததும் சுவராகியிருந்தாள்.

ஒயர் உள்ள மெஷின் கேட்டு வாங்கவேண்டும். அளவுக்காரி வெளி மேஜைக்கு நடந்தாள். நர்ஸ் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். திரையில் எல்லாக் கோடுகளும் மலையும் மடுவுமாக ஓடின. ஒன்று மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"அந்தக் கட்டிலுக்கு ஒயர் வச்சது ஒண்ணு..."

"அது சும்மாம்மா. அப்படித்தான் காட்டும்."

"நிஜமா ஏதாவது ஆனாலும் இப்படித்தானே காட்டும்?"

நர்ஸின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

வார்டுப் பக்கமிருந்து ஓர் ஓசை. கதவின் கீல் கீச்சிடுவதுபோல். அது கீல் இல்லை.

அளவுக்காரி ஓடினாள். குட்டி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது, உள்ளே எதுவும் போகவில்லை. மூச்சுக்கவசம் நழுவித் தரையில் கிடந்தது. எட்டிப் பிடிக்கும் தூரம்தான். அளவுக்காரி கையை நீட்டினாள்.

கை நின்றது.

காற்றின் நடுவில் நின்றது. விரல்நுனியில் ஏதோ பட்டது. மெத்தென்று. கதகதப்பாக. காய்ச்சல்காரர்களின் தோள் அப்படித்தான் இருக்கும்.

தள்ளினாள். நகரவில்லை. இடப்பக்கம் போனாள். அங்கும் அதே. வலப்பக்கம். அங்கும். பையிலிருந்த ஃபோனைப் பிடுங்கி வார்டுக்கு வெளியே எறிந்தாள். கைக்கடிகாரத்தை எறிந்தாள். மீட்டர் பையைக் காலால் உதைத்துத் தள்ளினாள். இப்போது அவளிடம் எதுவும் இல்லை. வெறும் கை, வெறும் தங்கை.

"அக்கா, விடுடி! அவ சாகறா, விடு!"

விடவில்லை.

பின்னாலிருந்து நர்ஸ் வந்தாள். அளவுக்காரியை ஓரமாக இடித்துத் தள்ளிவிட்டு, எந்தத் தடையும் இல்லாமல் நேரே நடந்துபோய்க் கட்டிலை அடைந்தாள். கவசத்தை எடுத்துப் பிள்ளையின் முகத்தில் அழுத்தினாள். குழாயில் காற்று சீறியது.

ஒரு மூச்சு.

இன்னொன்று.

உதட்டின் நீலம் மெல்ல வடிந்தது.

"ஏம்மா மரம் மாதிரி நிக்கற?" என்று நர்ஸ் சீறினாள். "உங்க வீட்டுப் புள்ளதானே? வந்து கையப் பிடி!"

அளவுக்காரி நீட்டிய கையோடு அங்கேயே நின்றாள். விரல்களுக்குக் கீழே அந்தத் தோள் ஏறி இறங்கியது. பிள்ளை மூச்சு விடும்போதெல்லாம் அதுவும் மூச்சு விட்டது.

கவசத்துக்குள்ளிருந்து குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்தது சித்தியை இல்லை. சித்திக்கு ஒரு முழம் முன்னால், காதளவு உயரத்தில்.

"அம்மா," என்றாள், பிளாஸ்டிக்குக்குள் ஆவி படிய. "பாவம்மா சித்தி. விடும்மா."

அந்தத் தோள் சித்தியின் கையைத் தள்ளிக்கொண்டு இன்னும் அரை அடி முன்னால் வந்தது.